படகுக்காரரின் வலக்கை

வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத அந்தக் காலத்தில் தபால் நிலையத்தில் ஏரோகிராம் என்றொரு நீலத் தாள் விற்பார்கள். எழுதி முடித்து மடித்து ஒட்டினால் அதுவே கடிதம், அதுவே உறை. அதன் முதுகில் ஒரு விதி அச்சிட்டிருக்கும்: இதனுள் எதையும் வைத்து அனுப்பக் கூடாது. முப்பத்துநான்கு வருடம் அரசுக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் என்ற தகுதியில் சொல்கிறேன், அந்த விதியில் ஓர் ஓட்டை இருந்தது. எதையும் வைக்கக் கூடாது என்றார்களே ஒழிய, வரையக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் நானும் அக்காவும் ஒரு சாகசச் சித்திரக்கதையை, பதினைந்து நாளைக்கு ஒரு பகுதி வீதம், ஒரு வருடத்துக்கு மேல் வளைகுடா நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் கதைக்கு வாசகர் ஒரே ஒருவர்தான். அம்மாவின் தம்பி. எங்களுக்குச் சின்ன மாமா.

அப்பாவுக்கு மலையோர ரப்பர் தோட்டத்தில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். அதனால் நாங்கள் மயிலாடிக்குப் பக்கத்தில் அம்மாவின் வீட்டிலேயே வளர்ந்தோம். வீட்டில் பாட்டா, அதாவது அம்மாவின் அப்பா, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட பெரிய மாமா, அம்மா, பதிமூன்று வயது அக்கா, பத்து வயது நான். பாட்டாவின் கடைசிப் பிள்ளையான சின்ன மாமா இரண்டு வருட ஒப்பந்தத்தில் கடல் கடந்து போயிருந்தார்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் கடிதம் எழுதுகிற சடங்கு நடக்கும். பெரிய மாமா சாய்வு நாற்காலியில் கிடந்தபடி சொல்லுவார். கையெழுத்து நன்றாக இருந்த ஒரே குற்றத்துக்காக அம்மா எழுதுவாள். முதல் வரி மாறாது: இங்கு அனைவரும் நலம். பிறகு மழை, வாழை, யார் வீட்டில் கல்யாணம், எந்த மாடு ஈன்றது. தாளின் ஓரங்களில்கூட நெடுக்காகத் திருப்பி எழுதி நிரப்பிய பிறகு, ஒட்டுகிற மடிப்பில் மூன்று விரல்கடை அகலத்துக்கு இடம் மிஞ்சும். "மாமா நலமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்" என்பதற்கான இடம் அது. நாங்கள் அப்படிக் கேட்காமல் அதை மூன்று கட்டங்களாகப் பிரித்துக்கொண்டோம்.

கதை என்னுடையது, படம் அக்காவுடையது. நான் முதலில் ஒரு பழைய நோட்டில் எழுதித் தருவேன். அக்கா அடிக்குச்சி வைத்துக் கட்டம் போட்டு, பென்சிலில் வரைந்து, பேனாவால் மேலே ஓட்டுவாள். அவள் அழுத்தி வரைகிற ஆள். கதாநாயகன் குன்றிலிருந்து குதித்தால் அந்தக் குன்று தாளின் மறுபக்கம் முகவரிக்கு அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும். பேச்சுக்கான குமிழ்களை அவள் வட்டமாகப் போட்டுத் தர, நான் உள்ளே எழுத வேண்டும். தமிழில் வீரவசனம் எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. "சரணடைந்துவிடு" என்று ஒருவன் மிரட்டுவதற்குள் குமிழ் நிரம்பி, மிரட்டப்படுகிறவனின் தலைக்குள் எழுத்து இறங்கிவிடும். ஆகவே எங்கள் கதையில் எல்லோரும் "ஆ!", "ஐயோ!", "விடாதே!" என்று சுருக்கமாகவே பேசிக்கொண்டார்கள். கடைசிக் கட்டத்தில் ஆபத்து வந்தே தீர வேண்டும். அதன் மூலையில் "தொடரும்" என்று போட இடமில்லாமல் "தொ." என்று போடுவேன். சுருக்கக் குறியீடுகளில் எனக்கு இருந்த பிடிப்பு பின்னாளில் உத்தியோகத்துக்கு உதவியது.

அக்காவுக்கு ஒரு குறை உண்டு. மனதில் நினைத்து வரைய அவளுக்கு வராது. எங்கள் ஊர்ப்பக்கம் கல் கொத்துகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையார் செய்துவிடுவார்கள். அக்காவுக்கோ பிள்ளையாரே எதிரில் வந்து அசையாமல் உட்கார வேண்டும். அதனால் கதையில் வருகிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். துப்பறியும் மணவாளனுக்குச் சின்ன மாமாவின் முகம். அவர் நேரில் இல்லாததால் அவருடைய பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்து வரைந்தாள். விளைவு, மணவாளன் சுறாவோடு சண்டை போட்டாலும், மரத்தில் தலைகீழாகத் தொங்கினாலும், இரண்டு காதும் தெரிய நேராக நம்மைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்தான். கொள்ளைக்காரன் கொம்பனுக்குப் பெரிய மாமாவின் முகம். சாய்வு நாற்காலியில் தினமும் இரண்டு மணி நேரம் அசையாமல் பத்திரிகை வாசிக்கிறவரை எந்த ஓவியர் விடுவார்? அதே கண்ணாடி, அதே வழுக்கை. பெரிய மாமா ஒருநாள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் களவாணிப் பயலுக்கு முழியப் பாரேன்! நல்லா வரைஞ்சிருக்கா மக்கா" என்று அக்காவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் முற்றத்துக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

மணவாளனை ஆபத்திலிருந்து மீட்டு அக்கரை சேர்க்கிற படகுக்காரருக்குப் பாட்டாவின் முகம். பாட்டா விருப்பத்தோடு உட்காருவார். "துடுப்ப இப்பிடிப் பிடிக்கணுமாட்டி?" என்று உலக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால் மணி நேரம் மூச்சைக்கூட அடக்கி இருப்பார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, பல் தேய்க்கப் போன பாட்டா கிணற்றடியில் விழுந்தார். வாதம். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு, வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல ஆனது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பும்போது டாக்டர் பெரிய மாமாவிடம், இன்னொரு தடவை வந்தால் தாங்க மாட்டார் என்றாராம்.

அன்று மாலை பெரிய மாமா உத்தரவு போட்டார்.

"சின்னவனுக்கு இது தெரியப்பிடாது. தெரிஞ்சா அங்க ஒரு நாளு நிக்க மாட்டான். ரெண்டு வருசம் முடியாம வந்தாம்னா திரும்பப் போவ முடியாது. ஒருத்தரும் ஒரு எழுத்து எழுதப்பிடாது, சொல்லிட்டேன்."

"அப்பாவுக்கு அதுக்குள்ள ஒண்ணு ஆயிட்டுன்னா?" என்றாள் அம்மா.

"ஆன பெறவு பாப்போம்."

இதில் பெரிய மாமாவைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டாவைத் தூக்கி உட்கார்த்தி, துடைத்து, வேட்டி மாற்றி, எல்லாவற்றையும் அவரேதான் முகம் சுளிக்காமல் செய்தார். கடல் தாண்டிப் போனவனுக்குக் கெட்ட செய்தி எழுதக் கூடாது என்பது அன்றைக்கு எங்கள் பகுதியில், ஆள் அனுப்பியிருந்த வீடுகளில் எல்லாம் இருந்த வழக்கம். எந்த அரசாணையிலும் இல்லாத இந்த விதியைப்போல ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட வேறொரு விதியை நான் என் உத்தியோக காலத்தில் கண்டதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா சொன்னார், "இங்கு அனைவரும் நலம்." அம்மா எழுதினாள்.

எங்கள் மடிப்பு வழக்கம்போல எங்களிடம் வந்தது. அந்தப் பகுதியில் மணவாளன் கொம்பனின் குகைத்தீவுக்குப் படகில் போக வேண்டும். அக்கா பாட்டாவின் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்து வரைந்து கொண்டுவந்தாள். நான் பார்த்துவிட்டு ஆட்சேபம் தெரிவித்தேன்.

"படகுக்காரருக்க வலக்கை எங்கட்டி?"

"மடியில கெடக்கு."

"போன தடவ ரெண்டு கையாலயும் துடுப்பு போட்டாரே."

"பாட்டாவுக்கு இப்பம் அப்பிடித்தான கெடக்கு. வாயும் பாரு, சரியா வந்திருக்கு."

"அதெல்லாம் கதைக்கு ஒத்து வராது. நெனச்சு வரை."

"நெனச்சு வரையதுக்கு நீ வரை." பேனாவை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்தாள்.

எனக்கு வரைய வராது என்பது இருவருக்கும் தெரியும். முன் பகுதிக்கும் இந்தப் பகுதிக்கும் முரண் வந்துவிட்டால் என்ன செய்வது? பதிவேட்டில் இருப்பதை மாற்ற முடியாது, காரணத்தைத்தான் சேர்க்க முடியும். கொம்பனின் ஆட்கள் மறைந்திருந்து விட்ட விஷ அம்பு படகுக்காரரின் வலது தோளில் பட்டுவிட்டது என்று எழுதினேன். மணவாளன் "ஐயோ!" என்றான், நேராக நம்மைப் பார்த்து. தொ.

அதற்கடுத்த பகுதியிலும் கை மடியிலேயே கிடந்தது. அதற்கடுத்ததிலும். விஷம் இறங்க நேரமாகும் என்று எழுதிச் சமாளித்தேன்.

தை மாதத்தில் சின்ன மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்கு வருகிற கடிதங்களை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பது பெரிய மாமாவின் உரிமை. பாட்டாவின் கட்டிலுக்கு எட்டாத தூரத்தில், அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டுப் படித்தார். வெயில், வேலை, கூட இருக்கிற மலையாளிகளின் சமையல் எல்லாம் முடிந்து மடிப்புக்கு வந்தார். "பிள்ளைகளுக்கு" என்று தலைப்புப் போட்டிருந்தது. எங்களுக்கு வந்த முதல் வாசகர் கடிதம்! நானும் அக்காவும் அவருக்கு இரண்டு பக்கமும் போய் நின்றோம்.

"'படகுக்காரருக்கு அம்பு பட்டு எத்தனை நாளாயிற்று? கஞ்சி இறங்குகிறதா? பேச்சு இருக்கிறதா? ஆளை அடையாளம் தெரிகிறதா? அவர் என்ன சொல்கிறார் என்று அடுத்த பகுதியில் கட்டாயம் எழுத வேண்டும்.'" பெரிய மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஒனக்க தம்பிக்க கேள்விய கேட்டியா? பாலைவனத்துல நின்னு மண்ட சூடாயிட்டு போலுக்கு. படகுக்காரனுக்குக் கஞ்சி எறங்குதான்னு கேக்கான்! கதைய வாசிச்சமா கீழ வச்சமான்னு இல்ல."

"பிள்ளியளுக்குத்தான அண்ணே எழுதியிருக்கான். வெளையாட்டுக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோறு கொதிக்கவில்லை, ஆனாலும் வெகுநேரம் கிளறிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மணவாளன் குகையில் பாறைக்கு அடியில் சிக்கிக் கிடக்கிறான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் கஞ்சியைக் கேட்டால் என்ன வாசகர்? சாகசக் கதையில் யாரும் கஞ்சி குடிப்பதில்லை என்றேன். அக்கா மட்டும், "கேட்டதுக்குப் பதில் போடணும்லா?" என்றாள். வந்த கடிதத்துக்குப் பதில் போட வேண்டும் என்பது நியாயமாகவே பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விசேஷம் நடந்தது. பெரிய மாமா சொன்னதை எல்லாம் அம்மா கடுகுபோல எழுதித் தாளின் மேல்பாதியிலேயே அடக்கிவிட்டாள். அவர் தோட்டத்துக்குப் போன பிறகு எங்களைக் கூப்பிட்டாள்.

"இந்தா, கீழ்ப்பாதி கெடக்கு. மடிப்பையும் சேத்து எடுத்துக்கிடுங்க."

"அவ்வளவுமா?"

"எனக்கு எழுத ஒண்ணும் இல்ல மக்கா. நீங்க வரைங்க. அவசரப்படாம வரைங்க."

ஓர இடத்துக்கெல்லாம் எங்களோடு சண்டை போடுகிற அம்மா! எங்கள் கதையின் தரத்துக்குக் கிடைத்த பதவி உயர்வு என்றே எடுத்துக்கொண்டேன். ஒன்பது கட்டங்கள் போட்டோம். வாசகர் கேட்ட வரிசையிலேயே பதில் சொன்னோம். படகில் படுத்திருக்கும் படகுக்காரருக்கு ஒரு கை கரண்டியால் கஞ்சி ஊட்டுகிறது. கஞ்சியில் பாதி கடைவாய் வழியாக வழிகிறது. அந்தக் கையில் அம்மாவின் வளையல் இருந்தது. நடுக்கடலில் வளையல் போட்ட கை எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் நினைத்தேன். ஒன்பது கட்டத்தை நிரப்புகிற அவசரத்தில் விட்டுவிட்டேன்.

கடைசிக் கட்டத்தில் படகுக்காரர் பேச வேண்டும். என்ன பேசுவார்? எனக்கு வசனம் தீர்ந்துபோயிருந்தது. பாட்டாவின் கட்டிலருகே நாங்கள் இருவரும்தான் பள்ளி விட்ட நேரமெல்லாம் இருந்தோம். அவர் குழறிக் குழறித் திரும்பத் திரும்பச் சொல்வது எங்களுக்கு நன்றாகவே விளங்கும். பெரியவர்களுக்கும் விளங்கியது. "சரிப்பா, சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விடுவார்கள். கைவசம் இருந்த வசனம் அது ஒன்றுதான். குமிழுக்குள் எழுதினேன்: "பயல வரச்சொல்லு."

அம்மா ஒட்டுவதற்கு முன் அன்றுதான் எங்கள் படங்களை உற்றுப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இது நீயா எழுதினியா, பாட்டா சொன்னாவளா?"

அடுத்தவர் வசனத்தை எடுத்துப் போட்டது பிடிபட்டுவிட்டது என்று பயந்துபோனேன். "பாட்டா சொன்னதுதான். அடிச்சிரட்டாம்மா?"

"வேண்டாம். அடிக்காண்டாம். இருக்கட்டு." மடித்து, பசையை நாக்கால் நனைத்து ஒட்டினாள். வழக்கமாக என்னிடம் கொடுத்து அனுப்புகிறவள், அன்று தானே செருப்பு மாட்டிக்கொண்டு பெட்டியில் போடப் போனாள்.

பிறகு பதிலே இல்லை. இரண்டு ஞாயிறு போனது. மூன்றாவதும் போனது. பாட்டாவுக்குக் கஞ்சி இறங்குவது குறைந்தது. அம்மா வெளியே மணிச் சத்தம் கேட்டால் தபால்காரரா என்று எட்டிப் பார்ப்பாள். வாசகர் நம்மைக் கைவிட்டுவிட்டார் என்று நான் அக்காவிடம் சொன்னேன். கஞ்சி ஊட்டுகிற படம் யாருக்குப் பிடிக்கும்?

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் பெட்டியோடு, சின்ன மாமா நேராக வீட்டுக்குள் வந்தார். பெட்டியை நடையில் போட்டுவிட்டுக் கட்டிலருகே போய் மண்டியிட்டார். பாட்டா கொஞ்ச நேரம் பார்த்தார். இடக்கையைத் தூக்கி மகனின் கன்னத்தைத் தடவினார்.

"பய கறுத்துட்டான்" என்றார். எங்கள் யாருடைய உதவியும் இல்லாமல் எல்லோருக்கும் விளங்குகிற மாதிரி.

பெரிய மாமா தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். "ஏலே! ஆருல ஒனக்கு எழுதினா? வேல என்ன ஆச்சு?"

சின்ன மாமா திரும்பாமலேயே சொன்னார், "ஒருத்தரும் எழுதலண்ணே. எல்லாரும் நலம்னுதான போட்டிருந்திய."

பெரிய மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் எழுதவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். அது முழு மனதோடு செய்த சத்தியம். இரண்டு நாள் அவர் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் பாட்டாவைத் துடைக்க வெந்நீர் விளாவி வைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தம்பியின் தோளில் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டார்.

சின்ன மாமாவுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வேறு வேலை, வேறு நாடு கிடைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. மகன் கையால் ஊட்டியதும் பாட்டாவுக்குக் கஞ்சி மறுபடி இறங்கத் தொடங்கியது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இருந்தார். எனக்கு வேறு கவலை. ஒரே வாசகரும் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டதால் கதை நின்றுபோனது. மணவாளன் இன்றுவரை அந்தப் பாறைக்கு அடியிலேதான் கிடக்கிறான்.

உத்தியோகத்தில் எத்தனையோ குறிப்புகளைப் பார்த்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல் எல்லாம் சொல்வதில் தேர்ந்தவர்கள் எங்கள் இலாகாவில் இருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்க அவர்களில் ஒருவருக்கும் யோக்கியதை இல்லை. ஒரு எழுத்து எழுதக் கூடாது என்ற உத்தரவை அவள் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. அரைத்தாளைக் காலியாக விட்டாள், அவ்வளவுதான். அவளுக்கும், பார்த்ததைத் தவிர வேறெதையும் வரைய மறுத்த அக்காவுக்கும், மூன்று கட்டத்துக்குள் தன் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்த அந்த ஒற்றை வாசகருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது, மூவரில் அக்கா மட்டும்தான் மிச்சம் இருந்தாள். அவளிடம் சொன்னேன். "எனக்கு நெனச்சு வரைய வராதுட்டி, அதுக்கு எதுக்கு நன்றி?" என்றாள்.

சின்ன மாமா புறப்படுவதற்கு முன் எழுதிப் போட்ட பதில், அவர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது. தபால்காரர் நீட்டியதும் பெரிய மாமா வழக்கம்போலக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. வாசலில் நின்றே பிரித்து, தனக்குள் படித்தாள். படித்து முடித்தும் தாளை இறக்கவில்லை. நான் அவள் கைக்கு அடியில் புகுந்து எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி: "அக்கா, அனைவரும் நலம் என்று நீ எழுதியதைப் படித்தேன், பிள்ளைகள் வரைந்ததையும் பார்த்தேன், வருகிறேன்." மற்றபடி தாள் முழுவதும், மடிப்பு உட்பட, வெறுமையாகக் கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு இடத்தை வீணடித்திருக்கிறாரே, பதினெட்டுக் கட்டம் போட்டிருக்கலாமே என்று அம்மாவிடம் முறையிட்டேன். அவள் என்னை இழுத்து இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அன்று மாசி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை.